டாலிஸின் மெட்டை வைத்து வான் வில்லியம்ஸ் என்ன செய்தார்?

மேற்கத்திய செவ்வியல் இசை கேட்கிற நண்பர்களிடம் "டாலிஸ் ஃபான்டேசியா" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர், "பதினாறாம் நூற்றாண்டு இசைதானே அது" என்பார். இன்னொருவர், "பழைய சர்ச் பாட்டை ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான்" என்பார். இளவட்டமாக இருந்தால் "ரீமிக்ஸ்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எல்லாமே பாதி சரி என்பதுதான் சிக்கல். முழுத் தப்பாக இருந்தால் திருத்திவிட்டுப் போய்விடலாம், பாதி சரியாக இருப்பதால் அப்படியே புழங்கிக்கொண்டிருக்கிறது.

விஷயம் இதுதான். தாமஸ் டாலிஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் ஒரு மெட்டு 1567-ல் அச்சில் வந்தது. 343 வருஷம் கழித்து, 1910-ல், ரேஃப் வான் வில்லியம்ஸ் என்ற இன்னொரு ஆங்கில இசையமைப்பாளர் அந்த மெட்டின் மேல் ஒரு படைப்பை எழுதினார், அதுதான் டாலிஸ் ஃபான்டேசியா. ('ரால்ஃப்' என்று எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் உண்டு. அவர் வீட்டில் சொன்னது 'ரேஃப்' என்றுதான்.) மெட்டை ஒரு முறை நிதானமாகப் பாடி முடிக்க ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். வான் வில்லியம்ஸின் படைப்பு ஓடுவதோ ஏறக்குறைய பதினைந்து நிமிஷம்.

அப்படியானால் மீதி நேரம் எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

## காரைக்குடிக் கதவு

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் தேக்குக் கதவுகளை வாங்கிவந்து புது வீட்டில் வைக்கிறார்கள் இல்லையா, அதையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கதவை மூன்று விதமாகப் பயன்படுத்தலாம்.

முதல் வழி, கதவைத் தேய்த்து, பாலிஷ் போட்டு, புது நிலையில் அப்படியே மாட்டுவது. இசையில் இதற்கு ஏற்பாடு என்று பெயர்: இருக்கிற இசையை வேறு வாத்தியங்களுக்கு மாற்றி எழுதுவது. இத்தாலியரான ஒட்டோரினோ ரெஸ்பீகி 1917-ல் இதைச் செய்தார். லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்துக்கு எழுதப்பட்டிருந்த நடனங்களை ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொண்டுவந்தார். நிறம் புதிது, உருவம் பழையதேதான்.

இரண்டாவது வழி, கதவில் இருக்கும் பூ வேலைப்பாட்டைப் பார்த்துப் பார்த்து, அதே அளவில் வேறு வேறு பூக்களைச் செதுக்குவது. இது மாறுபாடுகள் எனப்படும் வகை. பெஞ்சமின் பிரிட்டன் 1950-ல் வயோலாவுக்கும் பியானோவுக்கும் எழுதிய 'லாக்ரிமே' இந்த ரகம். அதில் ஒரு குறும்பு இருக்கிறது. ஜான் டௌலண்டின் பழைய பாட்டை எடுத்துக்கொண்டு மாறுபாடுகளை முதலில் வரிசையாக வைத்துவிட்டு, மூலப் பாட்டைக் கடைசியில்தான் தெளிவாகக் காட்டுகிறார். விடையைச் சொல்லிவிட்டு விடுகதையைப் போடுகிற மாதிரி.

மூன்றாவது வழிதான் ஃபான்டேசியா. கதவை ஒருமுறை முழுசாகக் காட்டிவிட்டு, அப்புறம் அதைப் பலகை பலகையாகப் பிரித்து, அந்த மரத்திலேயே மேஜை, ஊஞ்சல், ஜன்னல் என்று வேறு சாமான்கள் செய்வது. பார்க்கிறவருக்கு இது எந்தக் கதவின் மரம் என்று தெரிந்துகொண்டே இருக்கும், ஆனால் கதவு அங்கே இருக்காது.

'ஃபான்டேசியா' என்றதும் மாயாஜாலம், கனவு உலகம் என்று நினைத்துவிடுகிறோம். டாலிஸின் காலத்து இங்கிலாந்தில் அது ஒரு இசை வகையின் பெயர். 1597-ல் தாமஸ் மோர்லி எழுதிய இசைப் பாடநூல் இதைச் சுற்றிவளைக்காமல் விளக்குகிறது: இசைக்காரர் தனக்குப் பிடித்த ஒரு சின்னக் கருவை எடுத்துக்கொண்டு, தன் இஷ்டப்படி முறுக்கித் திருப்பி விளையாடுவது. நம் கச்சேரிகளில் நிரவல் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புரியச் சிரமமே இல்லை. ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு பாடகர் பத்து நிமிஷம் ஓட்டுகிறார், அந்தப் பத்து நிமிஷமும் இயற்றியவர் எழுதிக் கொடுத்தது இல்லை. ஒரே வித்தியாசம், வான் வில்லியம்ஸ் விரித்த ஒவ்வொரு ஸ்வரத்தையும் தாளில் எழுதிவைத்துவிட்டார்.

சரி, இதுவரை வந்தது: ஏற்பாடு என்றால் பழையது அப்படியே புது உடையில், மாறுபாடுகள் என்றால் அதே உருவம் வேறு வேறு வேலைப்பாட்டில், ஃபான்டேசியா என்றால் பழைய மரத்தில் புதுச் சாமான். டாலிஸ் ஃபான்டேசியா மூன்றாவது ரகம்.

## அமைதியான பாட்டு என்று யார் சொன்னது?

இப்போது கதவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

டாலிஸ் எட்டாம் ஹென்றியிலிருந்து முதலாம் எலிசபெத் வரை நான்கு பேருடைய ஆட்சியில் அரச தேவாலய இசைக்குழுவில் வேலை பார்த்தவர். இந்த நான்கு ஆட்சிகளில் நாட்டின் மதம் கத்தோலிக்கத்துக்கும் புராட்டஸ்டண்டுக்கும் நடுவில் மாறி மாறி ஆடியது. பிரார்த்தனை லத்தீனிலா ஆங்கிலத்திலா, இசை சிக்கலாக இருக்கலாமா எளிமையாக இருக்க வேண்டுமா என்பதெல்லாம் சிம்மாசனத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மனிதர் எல்லோருக்கும் எழுதிக்கொடுத்துவிட்டு 1585 வரை வாழ்ந்தார். நாற்பது குரல்கள் தனித்தனி வரியில் பாடும் பிரம்மாண்டமான படைப்பும் அவர் எழுதியதுதான், நாலே குரல்களில் அடங்கிவிடும் சின்னச் சின்ன மெட்டுகளும் அவர் எழுதியவைதான். நமக்கு வேண்டியது இரண்டாவது வகை.

கேன்டர்பரி பேராயர் மேத்யூ பார்க்கர் பைபிளின் சங்கீதங்களை ஆங்கிலச் செய்யுளாக மொழிபெயர்த்து 1567-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அதற்கு டாலிஸ் ஒன்பது மெட்டுகள் போட்டுக்கொடுத்தார். முதல் எட்டும் அந்தக் காலத்து எட்டு மோடுகளில், ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக அமைந்தவை (மோட் என்றால் என்ன என்று அடுத்த பகுதியில் பார்ப்போம்). எந்த மோட் என்ன குணம் என்று புத்தகத்திலேயே ஒரு செய்யுள் இருக்கிறது: முதலாவது சாந்தம், இரண்டாவது சோகம், ஆறாவது விம்மி அழும், எட்டாவது மென்மையாக நடக்கும். மூன்றாவது? அது சீறும், கரடுமுரடாகக் கத்தும்.

வான் வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டது அந்த மூன்றாவது மெட்டைத்தான்.

அதற்கான வார்த்தைகளும் அதற்கேற்றாற்போலத்தான். இரண்டாம் சங்கீதம். தமிழ் பைபிளில் "ஜாதிகள் கொந்தளித்து, ஜனங்கள் விருதாக்காரியத்தைச் சிந்திப்பானேன்?" என்று தொடங்குகிறதே, அதேதான். ராஜாக்கள் கூடிச் சதி செய்வதும், பரலோகத்தில் இருப்பவர் அதைப் பார்த்து நகைப்பதும்தான் உள்ளடக்கம். இன்றைக்கு இந்த இசையைத் தூக்கம் வரவழைக்கும் பட்டியலிலும் தியானப் பட்டியலிலும் போட்டு வைத்திருக்கிறார்கள். பார்க்கர் கேட்டால் ஆடிப்போயிருப்பார்.

## மோட் என்றால் என்ன? கொஞ்சம் தோடி வழியாக

மோட் என்பது ஸ்வரங்களின் ஒரு வரிசை, எந்த ஸ்வரம் வீடு, அங்கிருந்து மற்ற ஸ்வரங்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்ற கணக்கு. ராகம் என்று சொல்லிவிட முடியாது, கமகமும் பிடிகளும் அதில் இல்லை. ராகத்தின் எலும்புக்கூடு என்று வேண்டுமானால் சொல்லலாம், அதாவது மேளகர்த்தாவின் ஆரோகண அவரோகணம் மட்டும்.

ஹார்மோனியம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். வெள்ளைக் கட்டைகளில் மட்டும் 'ஸி'யிலிருந்து தொடங்கி மேலே போனால் சங்கராபரணம் வரும், மேற்கத்தியர்கள் மேஜர் என்பது அதைத்தான். அதிலிருந்து இரண்டு வெள்ளைக் கட்டை தள்ளி 'ஈ'யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு மறுபடியும் வெள்ளையிலேயே மேலே போங்கள். என்ன வருகிறது? ஹனுமத்தோடி. இந்த வரிசைக்கு அங்கே ஃபிரீஜியன் மோட் என்று பெயர், பார்க்கர் புத்தகத்தின் மூன்றாவது மோட் இதுதான். ஸட்ஜத்தை ஒட்டியே உரசிக்கொண்டு நிற்கும் சுத்த ரிஷபம்தான் இதன் அடையாளம். காதில் விழுந்த உடனே ஒரு இறுக்கம் வரும்.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, என்னைக் கேட்டால் இந்தப் படைப்பின் உயிரே அங்கேதான். மேற்கத்திய இசையில் பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவார்கள். அந்தக் கொத்துக்குக் கார்ட் என்று பெயர். மெட்டு தோடியின் வரிசையில் போகிறது என்றால் அதில் வரும் காந்தாரம் சாதாரண காந்தாரம், அதாவது சின்னது. ஆனால் மெட்டு வந்து முடியும் இடத்தில் கேட்கிற கார்டில் அந்தர காந்தாரம், பெரியது! இருட்டான அறையில் நடந்துபோய்க் கடைசியில் ஜன்னலைத் திறந்த மாதிரி ஒரு வெளிச்சம். இப்படி முடிப்பது அந்தக் காலத்தில் வழக்கமான விஷயம்தான். வான் வில்லியம்ஸ் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு படைப்பு முழுக்க இழுத்துவிட்டார். அவருடைய முதல் கார்டே பெரிய காந்தாரத்தோடு பளிச்சென்று தொடங்குகிறது, பிறகு மெட்டு வந்து சின்ன காந்தாரத்தைக் கொண்டுவருகிறது, கடைசிக் கார்டில் பெரியது திரும்பி வருகிறது. நடுவில் இரண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். "சோகமா சந்தோஷமா என்றே தெரியவில்லை" என்று கேட்டவர்கள் சொல்வதற்குக் காரணம் இந்தக் காந்தார விளையாட்டுதான்.

சுருக்கமாக: மெட்டு தோடியின் ஸ்வரங்களில் இருக்கிறது, அது முடிவதோ வெளிச்சமான ஒரு கார்டில். அந்த முரணைத்தான் வான் வில்லியம்ஸ் பெரிதாக்கினார்.

## கதவு அவர் கைக்கு வந்த கதை

1904-ல் வான் வில்லியம்ஸுக்கு ஒரு வேலை வந்தது. ஆங்கிலேயத் திருச்சபைக்கு ஒரு புதிய பாமாலைத் தொகுப்பு, அதன் இசைப் பகுதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் அவர் பக்திமான் என்று சொல்ல முடியாதவர். 1906-ல் அந்தத் தொகுப்பு வெளிவந்தது. அதற்காக நூற்றுக்கணக்கான பழைய மெட்டுகளைத் தேடிப் படித்தபோதுதான் டாலிஸின் மூன்றாவது மெட்டு அவரிடம் வந்து சேர்ந்தது. தொகுப்பில் 92-ஆம் பாட்டாக அதை வைத்தார், ஆனால் வேறு வார்த்தைகளோடு: ஜோசப் அடிசன் எழுதிய, மரணப் படுக்கையிலிருந்து எழுந்து படைத்தவர் முன்னால் நிற்பதைப் பற்றிய பாட்டு. சீற்றம் போய் நடுக்கம் வந்துவிட்டது. உலகத்தின் மிக நல்ல மெட்டுகளோடும் மிக மோசமான மெட்டுகளோடும் இரண்டு வருஷம் பழகியது எந்த இசைப் பாடத்தையும்விட நல்ல படிப்பு என்று பிற்பாடு எழுதினார்.

அதே வருஷங்களில் அவர் கிராமங்களுக்குப் போய் நாட்டுப்பாடல்களும் சேகரித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் பல பாடல்கள் மேஜர், மைனர் என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காமல் பழைய மோடுகளில் இருந்தன. அதனால் 1910-ல் குளோஸ்டர் பேராலயத்தில் நடக்கும் இசை விழாவுக்கு எழுத உட்கார்ந்தபோது இந்த ஸ்வர வரிசைகள் அவருக்கு அருங்காட்சியகப் பொருளாக இல்லை. தினமும் புழங்குகிற பாஷையாக ஆகியிருந்தன.

## மூன்று குழுக்கள், ஒரு கட்டடம்

நான் இதை முதன்முதலில் கேட்டது லேப்டாப் ஸ்பீக்கரில். ஒரே மெழுகாக இழுத்துக்கொண்டே போகிறது, இதற்கா இவ்வளவு பேச்சு என்று பாதியில் நிறுத்திவிட்டேன். சில மாதம் கழித்து ராத்திரி ஹெட்ஃபோனில் போட்டபோதுதான், இடது பக்கத்தில் ஒரு கூட்டம் வாசித்து நிறுத்த, எங்கேயோ தூரத்திலிருந்து இன்னொரு கூட்டம் அதையே மெதுவாகத் திருப்பிச் சொல்வது கேட்டது. சத்தியமாக முதுகில் சில்லிட்டது.

இதில் இருப்பவை தந்தி வாத்தியங்கள் மட்டுமே: வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா, இன்னும் கீழே செல்லோ, எல்லாவற்றுக்கும் அடியில் டபுள் பாஸ். ஊதுகிற வாத்தியமோ தாள வாத்தியமோ ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அவர்களை வான் வில்லியம்ஸ் மூன்றாகப் பிரித்தார். முதலில் ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா. அப்புறம் ஒன்பதே பேர் கொண்ட இரண்டாவது ஆர்கெஸ்ட்ரா: முதல் வயலின் இருவர், இரண்டாம் வயலின் இருவர், வயோலா இருவர், செல்லோ இருவர், டபுள் பாஸ் ஒருவர். மூன்றாவதாக ஒரு குவார்டெட், அதாவது நால்வர் குழு. பெரிய ஆர்கெஸ்ட்ராவின் ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் சேர்ந்தது. இரண்டாவது ஆர்கெஸ்ட்ராவை முடிந்தால் முதலாவதிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள் என்று இசைத்தாளிலேயே குறிப்பு இருக்கிறது.

எதற்கு இந்தப் பிரிவினை? கிணற்றுக்குள் குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருப்பீர்கள். நாம் சொன்னது திரும்பி வரும், ஆனால் அதே குரலில் வராது. ஓரம் மழுங்கி, ஈரமாக, கொஞ்சம் வேறு யாரோ சொல்வதுபோல வரும். அந்த இரண்டாவது ஆர்கெஸ்ட்ராவின் முக்கிய வேலை அதுதான். பல இடங்களில் அவர்கள் மியூட் போட்டு வாசிக்கிறார்கள் (மியூட் என்பது வாத்தியத்தின் குதிரையில் மாட்டி ஒலியை அடக்கும் ஒரு சின்னத் துண்டு). முதல் குழு ஒரு சொற்றொடரை முழுக் குரலில் வாசிக்க, அவர்கள் அதை நிழல் மாதிரி திருப்பிச் சொல்கிறார்கள். நால்வர் குழு இன்னும் வேறு: நம் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற தனி மனிதக் குரல்.

ஆக, பதினைந்து நிமிஷத்தில் ஒரு பங்கு இப்படி வந்துவிட்டது. டாலிஸ் எழுதாத ஒன்றை வான் வில்லியம்ஸ் மெட்டோடு சேர்த்தார்: தூரம். குளோஸ்டரின் பருத்த கல் தூண்களுக்கு நடுவில் இசை போய் முட்டித் திரும்பும் தூரம். அதைத்தான் வாத்தியங்களுக்குப் பங்கு பிரித்து எழுதியிருக்கிறார், அதனால்தான் சாதாரண அரங்கில் வாசித்தாலும் கல் கட்டடத்துக்குள் இருக்கிற உணர்வு வருகிறது.

## கேட்கும்போது எதைத் தேடுவது

நிமிஷக் கணக்கு பதிவுக்குப் பதிவு மாறும், தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் அகலமாக, மெல்லிய கார்டுகள் மேலிருந்து இறங்கும். பிறகு உயரத்தில் வயலின் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, கீழே செல்லோக்களும் பாஸும் வில்லை விட்டுவிட்டு விரலால் மீட்டும் (இதற்குப் பிட்சிகாட்டோ என்று பெயர்). அந்த மீட்டலில் வருவது டாலிஸின் மெட்டு, ஆனால் துணுக்குத் துணுக்காக. கதவு இன்னும் திறக்கவில்லை, தட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. இடையிடையே கார்டுகள் மொத்தமாக மேலும் கீழும் ஊஞ்சல் மாதிரி ஆடும். பத்துப் பேர் ஒரே வரிசையில் ஒரே அடி எடுத்துவைத்து நடப்பதுபோல எல்லா ஸ்வரமும் ஒன்றாக நகரும். பாடப்புத்தகப்படி இது கூடாத காரியம். அவர் கவலைப்படவில்லை.

ஒன்றரை நிமிஷ வாக்கில் மெட்டு முழுசாக வருகிறது. இங்கே ஒரு அழகு: அதை வாசிப்பது உச்சஸ்தாயி இல்லை, வயோலா, செல்லோ சேர்ந்த நடுக்குரல்கள். 1567 புத்தகத்திலும் மெட்டு மேல்குரலில் கிடையாது, ஆண்களின் டெனர் குரலில்தான் இருக்கிறது. அடுத்ததாக முதல் வயலின்கள் அதே மெட்டை மேலே ஏந்திக்கொண்டு, கார்டுகள் பெருத்து, இன்னொரு முறை முழுசாக. டாலிஸின் மெட்டு ஒழுங்காக, முழுமையாக வரும் இடம் அநேகமாக இவ்வளவுதான்.

அப்புறம் மரவேலை ஆரம்பமாகிறது. இரண்டு ஆர்கெஸ்ட்ராவும் பிரிந்து ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். ஆறு நிமிஷம் வாக்கில் ஒரே ஒரு வயோலா தனியாக எழுந்து ஒரு பாட்டுப் பாடும். முதல் தடவை கேட்பவர்கள் இது புது மெட்டு என்று நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். டாலிஸின் மெட்டின் இரண்டாம் பாதியிலிருந்து வளர்ந்த கிளை அது. தனி வயலின் அதை வாங்கும், நால்வர் குழு வாங்கும், பிறகு பெரிய கூட்டமே வாங்கிக்கொண்டு ஏறி ஏறி, இவ்வளவு சத்தம் வெறும் தந்திகளிலிருந்தா என்று கேட்கும் அளவுக்குப் போகும். பார்க்கர் சொன்ன சீற்றம் தெரிய வேண்டுமென்றால் இந்த இடத்தில் தேடுங்கள்.

கடைசியில் ஆரவாரம் அடங்கி மெட்டு திரும்பும், இம்முறை தனி வயலினில், கூடவே தனி வயோலா வேறொரு வரியைப் பின்னிக்கொண்டு வரும். வயலின் மேலே போய்ச் சேர, பெரிய காந்தாரத்தோடு அந்தக் கார்ட் ஒலித்துத் தேய்கிறது.

இதே ஆள் பெயரில் இன்னொரு ஃபான்டேசியாவும் இருக்கிறது, 'கிரீன்ஸ்லீவ்ஸ்' மெட்டின் மேல், நாலைந்து நிமிஷத்துக்கு. தேடினால் இரண்டும் அடுத்தடுத்து வந்து நிற்கும். அதை அவருடைய ஆபராவிலிருந்து எடுத்து 1934-ல் தனிப்படைப்பாக ஆக்கியவர் ரால்ஃப் கிரீவ்ஸ் என்ற வேறொருவர். கேட்கச் சுகம்தான், ஆனால் நாம் பேசிய மரவேலை அதில் அவ்வளவு கிடையாது.

## 1910, செப்டம்பர் 6

முதல் முறை இதை வாசித்த அன்று குளோஸ்டர் பேராலயத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வந்தது எட்வர்ட் எல்கரின் பெரிய படைப்பு ஒன்றைக் கேட்க. அதற்கு முன்னால் இந்தப் புதுசு, லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோடு, வான் வில்லியம்ஸே நடத்தினார். லண்டன் விமர்சகர் ஒருவர், கேட்பது மிகப் பழையதா மிகப் புதியதா என்று கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை என்று எழுதினார். வான் வில்லியம்ஸுக்கு முழுத் திருப்தி இல்லை போலிருக்கிறது, பிறகு இரண்டு தடவை சுருக்கித் திருத்தினார். இன்று நாம் கேட்பது 1919-க்குப் பிந்தைய வடிவம்.

கூட்டத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான், ஹெர்பர்ட் ஹவல்ஸ் என்று பெயர், பிற்காலத்தில் அவனும் பெரிய இசையமைப்பாளர் ஆனான். ஃபான்டேசியா முடிந்ததும் அதை நடத்திய உயரமான மனிதர் இறங்கி வந்து காலியாக இருந்த பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்து வந்த எல்கர் படைப்பின் இசைத்தாளை அவனோடு பகிர்ந்துகொண்டாராம். அன்று ராத்திரி ஹவல்ஸும் அவன் நண்பன் ஐவர் கர்னியும் தூங்கவில்லை. கேட்டதைப் பற்றியே பேசிக்கொண்டு குளோஸ்டர் தெருக்களில் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள்.